மூப்பர் தேர்தலும் முறத்தளவு நிழலும்

வாழ்க, கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியின் மேற்பார்வையாளரும், பாளம் பாளமாய் உறைந்த பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றும் குளிராத நெஞ்சினருமாகிய ஜெயசீலன்! குரல் ஒன்றாலேயே மீன் லாரிகளைப் பின்வாங்கச் செய்த அச்செங்கண் வீரர், சித்திரை வெயில் உச்சியில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் குரலையே தாம் வெல்லப் புறப்பட்ட வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம். நாவைப் படைத்தவர் எம் நாவுக்குத் துணைநிற்பாராக!

தேவாலயச் சபையை நடத்தும் குழுவுக்கு ஒரு மூப்பர் வேண்டியிருந்தது. களத்தில் இருவர். ஒருவர் ஜெயசீலன். மற்றவர் அவர் மனைவி மோனிகாவின் அண்ணன், சிதம்பரத்தில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற மென்சொல் மலையாகிய ஜெயப்பிரகாஷ். மூப்பருக்குரிய குணங்களைப் போதகர் அன்று படைக்கலங்களைப்போல் பிரசங்க பீடத்தில் அடுக்கினார். குடிக்கக் கூடாது, பணத்தின்மேல் கண் வைக்கக் கூடாது, வீட்டை ஒழுங்காய் நடத்த வேண்டும், வந்தவருக்குச் சோறு போட வேண்டும். இக்கோட்டைகளையெல்லாம் ஜெயசீலன் எளிதாய்க் கடந்தார். சண்டைக்காரனாய் இருக்கலாகாது, தாழ்மை வேண்டும் என்ற இடத்தில் மட்டும் சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைக் காய்கறிகளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காய்க்காக அவர் எழுப்பிய முழக்கத்தை எவரும் மறந்திருக்கவில்லை. அந்தப் பழியைத் துடைக்கவே அவர் தேர்தலில் நின்றார்.

"ஓட்டு முடியற வரைக்கும் எங்கண்ணன் எது சொன்னாலும் சிரிச்சிக்கினே இருங்க. அது வேணும்னே உங்க வாயக் கிண்டும்" என்பது காலையில் மோனிகா பிறப்பித்த ராஜகட்டளை.

சபையார் கை தூக்கி வாக்களிக்கும்போது வேட்பாளர்கள் உள்ளே இருப்பது வழக்கமில்லை. பக்கவாசல் வழியே இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். செருப்புகளோ முன்வாசலில் கிடந்தன. வெறும் பாதங்களின் கீழே தோசைக்கல்லெனக் கனன்றது சிமெண்டுத் தரை. அப்பாலைவனத்தின் ஓரத்தில், மணிக்கூண்டு ஈந்த முறத்தளவு நிழல், ஒருவர் நிற்க மட்டும். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஜன்னல்தோறும் கண்கள்.

மூண்டது போர். நிழலைக் கைப்பற்றுவதற்கன்று, அதை எதிரியின் தலையில் கட்டுவதற்கு! நிழலில் நிற்பவன் சுகவாசி, வெயிலில் நிற்பவனே தாழ்மையுள்ளவன் என்பதை இரு பெருவீரரும் ஒரே கணத்தில் உணர்ந்தனர்.

"மாப்ள, நீங்க நெழல்ல நில்லுங்க" என்று முதற்கணை தொடுத்தார் ஜெயப்பிரகாஷ்.

"இருக்கட்டும் மச்சான். நீங்க சுகர் மாத்திர சாப்புடறவரு. காலைல நாஷ்டாவும் துன்னல."

"சுகர விடுங்க. வெயில்ல நின்னா உங்களுக்குக் கோவம் ஜாஸ்தியாயிடும்."

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதுபோல் ஜெயசீலனின் நெற்றியில் ஒரு நரம்பு ஏறியது. ஆயினும் ராஜகட்டளையை நினைந்து, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்.

"வெயிலு நம்மள இன்னா பண்ணும் மச்சான்? ஐஸ்லயே கெடக்கற ஒடம்பு. கொஞ்சம் காயட்டும்."

வியர்வை அருவியாய் இழிய, உள்ளங்கால்கள் அப்பளமாய்ப் பொரிய, ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் தவமிருக்கும் முனிவர்களென இருவரும் நிற்க, உரிமை கோருவார் எவருமின்றி அந்த நிழல் அநாதையாய்க் கிடந்தது. உள்ளே ஜெயசீலனுக்காகக் கைகள் உயரத் தொடங்கின. அதை அவர் ஜன்னல் வழியே கண்டார்.

அப்போதுதான் மென்சொல் மலை ஆடியது. ஜெயப்பிரகாஷின் கண்கள் செருக, முழங்கால்கள் மடங்கின. ஜன்னல்கள் திறந்திருப்பது ஜெயசீலனுக்குத் தெரியும். தெரிந்தே பாய்ந்தார், மச்சானின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றி நிழலுக்கு இழுத்தார், பூசணிக்காயையும் வென்ற முழக்கம் ஒன்று மணிக்கூண்டின் புறாக்களை வானில் எறிந்தது.

"யோவ், அறிவிருக்கா? மாத்திரயப் போட்டுக்கினு வெறும் வயித்தோட வந்து நிக்கிறியே, சாவறதுக்கா? குந்துய்யா கீழ!"

"ஒண்ணுமில்ல மாப்ள... விடுங்க" என்றார் ஜெயப்பிரகாஷ், ஈனஸ்வரத்தில்.

ஜன்னலுக்குள் இருந்தவர்கள் கண்டது காலரை; கேட்டது முழக்கத்தை. உயர்ந்த கைகள், புயலில் சாயும் வாழைகளென ஒருசேரத் தாழ்ந்தன. போதகர் வெளியே வந்து, அண்டம் அதிர அறிவித்தார்:

"இவ்வளவு நடந்தும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத சகோதரர் ஜெயப்பிரகாஷ், ஏகமனதாய் மூப்பராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்!"

மோனிகாவின் கையும் அந்த ஏகமனதில் அடக்கம். மணி முழங்க, கரவொலி எழ, புதிய மூப்பரின் கழுத்தில் கைத்தறித் துண்டு வெற்றிக்கொடியெனத் தவழ, பெண்கள் துதிப்பாடல் ஒன்றைத் தொடங்கினார்கள்.

ஜெயசீலன் மச்சானுக்கு ஜூஸ் வாங்கக் கடைக்குப் போனார்.