கல் என்றால் நாளைக்கு

"கல்" என்றான் சந்தோஷ்குமார்.

செல்லமுத்து உடனே ராஜா முகமதுவின் வாயைப் பார்த்தார். ராஜா முகமது வானத்தைப் பார்த்தார். வானம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏனுங்க பாய், என்னன்னு சொல்றானுங்க?"

"பொறுங்க செல்லமுத்து. இந்தி பாருங்க. யோசிச்சுத்தான் சொல்லோணும்."

யோசிப்பதற்கு இந்தி என்று ஒன்று இருந்தால்தானே. ராஜா முகமதுக்கு மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மிளகு வியாபாரம். அவர் வீட்டில் ஓதுவது அரபி, சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் தமிழ். ஆனால் மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பாய் என்றால் இந்தி தெரியும். எப்போதோ யாரோ அவரிடம் அப்படிச் சொன்னபோதே "இல்லீங்க" என்றிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். கேட்கச் சுகமாக இருந்ததால் மனுஷன் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புக்கு இப்போது வந்தது வினை.

செல்லமுத்துவின் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர வேண்டுமானால் செம்மண் மேட்டில் தவழ்ந்துதான் வர வேண்டும். மழை பெய்துவிட்டால் ஆடுகூட யோசிக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கலைமணியைப் பெண் பார்க்க மலையின் இன்னொரு பக்கத்து ஆலத்தூர் நாட்டிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். கலைமணிக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு மட்டும் மூட்டுவலி. "சறுக்குமரம் ஏறிப் பொண்ணு பார்க்கற வயசு எனக்கில்லீங்க. படி இருந்தா வாரேன், இல்லீன்னா சம்பந்தமே வேண்டாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அதற்காகத்தான் இந்தக் கற்படிக்கட்டு. சேந்தமங்கலத்துக் காண்டிராக்டர் பிரேம்தான் ஆளை அனுப்பினான். "வடநாட்டு மேஸ்திரிங்க. இப்பெல்லாம் சனம் அவங்களத்தான் வேணும்னு கேக்குது. பேரு சந்தோஷ்குமார். வேலை சுத்தம். தமிழ்தான் ஒரு சொல்லு வராது" என்றவன், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

செல்லமுத்துவின் மிளகு வருஷா வருஷம் ராஜா முகமதுவின் கடைக்குத்தான் போகும். அந்த மிளகின்மேல் ராசிபுரம் வியாபாரி அர்த்தனாரி கண் வைத்திருக்கிறார். அப்படியிருக்க, "பாய், நீங்க வந்து அவங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசோணும்" என்று செல்லமுத்து கூப்பிட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

காலையில் ராஜா முகமது வந்ததும் வராததுமாக மேஸ்திரியைப் பார்த்து "அச்சா?" என்றார். அவனும் "அச்சா" என்றான். "அச்சா அச்சா" என்றார். அவனும் இரண்டு தடவை சொன்னான். செல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிப் படி வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதியம் சோற்றுக்குப் பிறகுதான் அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னான்.

"கல்லு கேக்கறானுங்களோ?" என்றார் செல்லமுத்து.

ராஜா முகமது சிரித்தார். "இந்திக்காரன் எதுக்குங்க தமிழ்ல கேக்கறான்?"

செல்லமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. அதுவும் சரிதானே.

சிக்னல் நன்றாகக் கிடைக்கிற பலாமரத்தடிக்குப் போய் ராஜா முகமது மகள் அப்ஸானாவுக்குப் போன் போட்டார். அவள் காலேஜில் படிக்கிறவள். செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தா, இந்தியில கல்னா நாளைக்கு."

நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு. நிமிர்ந்த நடையோடு திரும்பி வந்தார்.

"நாளைக்குங்கறான். இன்னிக்கு இவ்வளவுதானாம். மீதி வேலை நாளைக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து கல் லாரி ஓட்டுகிற அருணாசலம் செல்லமுத்துவுக்குப் போன் செய்தான். அடுத்த லோடு அடிவாரத்தில் ஏற்றி நிற்கிறதாம், மேலே கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

"மேஸ்திரியே நாளைக்குங்கறான், இப்ப எதுக்குக் கல்லு?" என்று ராஜா முகமதே போனை வாங்கிப் பதில் சொன்னார். "நாங்க சொல்ற வரைக்கும் வராதீங்க."

சந்தோஷ்குமார் பாதிப் படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். பாவம், ஊர் ஞாபகம் போல என்றாள் செல்லமுத்துவின் மனைவி பாப்பாத்தி.

மறுநாள் விடிந்தது. நாளைக்கு என்று சொன்ன வேலை நடந்ததா என்றால் இல்லை. ராஜா முகமது வந்தபோது மேஸ்திரி கடைசிப் படியைத் தட்டினான். "கல்" என்றான். அதற்கு மேலே இருந்த வெறும் மண்ணைக் காட்டினான். "கல்" என்றான். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"இன்னிக்கும் நாளைக்குங்கறானுங்களே பாய்?"

"இருங்க, இருங்க."

பலாமரத்தடி. அப்ஸானா.

"அத்தா, அதுக்கு நேத்துன்னும் அர்த்தம் போட்டிருக்கு."

"நாளைக்கும் நேத்தும் ஒரே வார்த்தையா? அந்த ஊர்ல எப்படிம்மா பஸ் ஏறுவாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க ஏன் அத்தா இந்தி தெரியாதுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாது?"

"வையி போனை."

திரும்பி வந்து, கட்டியிருந்த படிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தாடியைத் தடவினார். "செல்லமுத்து, அவன் நேத்துங்கறான். நேத்துக் கட்டுன படியைத் தட்டித் தட்டிக் காட்டறான் பாருங்க. கை வேற விரிக்கறான். நேத்து வேலை சரியில்லையாம்."

"கல்லைத் தொட்டுக் காட்டிக் கல்லுங்கறானுங்க. எனக்கென்னமோ…"

"மறுபடியும் பாருங்க. அவன் எதுக்குங்க தமிழ்ல பேசறான்?"

செல்லமுத்து பெருமூச்சு விட்டார். கடப்பாரையை எடுத்தார். பக்கத்துக் காட்டுக்காரர்களும் வந்து கை கொடுத்தார்கள். நேற்றுக் கட்டிய படிகள் ஒவ்வொன்றாக உருண்டு ரோட்டுக்கு வந்தன. சந்தோஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினான். "கல்… கல்… கல்…" என்று அழாக்குறையாகச் சொன்னான்.

"ஆமாப்பா, ஆமா, நேத்துதான். அதைத்தான் பிரிக்கறோம்" என்று ராஜா முகமது அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாலையில் பாப்பாத்தி, "சாமி, களி ஆறுது, வந்து சாப்பிடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். சந்தோஷ்குமார் எழுந்து கை கழுவப் போனான்.

"சாப்பாடுன்னா எந்தப் பாஷையும் புரியும்போல" என்றார் செல்லமுத்து.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டுத்தான் ராஜா முகமதுவால் மலை ஏற முடிந்தது. அதற்குள் மேஸ்திரி, பிரித்துப் போட்ட கல்லையே பொறுக்கிப் படிகளை மறுபடி கட்டியிருந்தான். வேலை முன்பு எங்கே நின்றதோ, இப்போதும் சரியாக அங்கேயேதான் நின்றது. அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கல்."

ராஜா முகமது விரல் மடக்கி எண்ணினார். நாளைக்கும் ஆச்சு, நேற்றும் ஆச்சு. மிச்சம் இருப்பது இன்றைக்குத்தான். அதற்கு வேறு வார்த்தை இருக்காதா? பலாமரத்தடிக்கு நடந்தார்.

"அப்ஸானா கண்ணு, வேற ஏதாவது இருக்கா பாரு. எந்தப் பாஷையா இருந்தாலும் சரி."

"துருக்கியில கல்னா இங்கயே இருன்னு அர்த்தம் அத்தா."

திரும்பி வந்து இதைச் செல்லமுத்துவிடம் சொன்னதும் அவர் குழம்பிப்போனார். "துருக்கியில இருந்தா கொத்து வேலைக்கு வாரானுங்க?"

"இந்தக் காலத்துல எதைங்க சொல்ல முடியும்?"

மறுபடியும் பலாமரத்தடி.

"குரோஷியாவுல சேறாம்" என்றாள் அப்ஸானா. "சுவீடன்ல மொட்டையாம்."

ராஜா முகமது திரும்பி வந்து மொட்டை என்றதும் செல்லமுத்துவின் முகம் மலர்ந்தது. மூன்று நாளில் அவருக்குப் புரிந்த முதல் வார்த்தை அதுதான். "அப்படிச் சொல்லுங்க. அறப்பளீஸ்வரர் கோயில்ல மொட்டை போடறதா வேண்டுதல் வெச்சிருப்பானுங்க. சாமி காரியம் நிக்கும்போது கை எப்படி ஓடும்? நாளைக்குக் காலையில மொத வேலையா கூட்டிட்டுப் போய்ச் செரைச்சு உட்டுரலாம்."

சந்தோஷ்குமாருக்குச் சுருள் சுருளாக அடர்ந்த முடி. அவன் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"பாத்தீங்களா, குளிருது அவனுக்கு" என்றார் ராஜா முகமது.

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி சலீமா பீவி கேட்டதற்கு, "கல்லு" என்று மட்டும் சொன்னார். சோற்றில் கல் இருக்கிறது என்று நினைத்து அந்த அம்மாள் குக்கரையே கொட்டிக் கிளறிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் செல்லமுத்துவே போன் செய்தார். குரலில் பழைய குழைவு இல்லை.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு அவங்க வாராங்க. அந்த அப்புச்சி ரோட்டோட திரும்பிட்டாருன்னா எம்புள்ள மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்? கலைமணி நேத்துப் பூரா அழுதுட்டிருந்தா. ராசிபுரத்துல இருந்து அர்த்தனாரி ஒரு இந்தி வாத்தியாரைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்காருங்க. பத்து மணிக்கெல்லாம் வந்துருவாங்களாம்."

வாத்தியார் வந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், பாயின் இந்தி சந்தி சிரித்துவிடும். மிளகு போகும். மானம் போகும். அதைவிட, கலைமணி சின்னக் குழந்தையாக மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நாளிலிருந்தே ராஜா முகமது அவளை அறிவார். அந்தப் பெண்ணை அழ வைத்தது தன் வாய்தான் என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் ஆத்திரமாக வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் இன்று பத்தாகத் தெரிந்தது.

செல்லமுத்து முன்வாசலில் நின்று, சாடையாகவும் சத்தமாகவும் மேஸ்திரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாத்தியார். இந்தி வாத்தியார். வாராரு. உங்கூடப் பேச."

சந்தோஷ்குமாரின் கையிலிருந்த சுத்தியல் நழுவி அவன் காலிலேயே விழுந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான்.

"சந்தோசத்தைப் பாருங்க" என்றாள் பாப்பாத்தி. "சொந்தப் பாஷை பேச ஆள் வருதுல்ல."

ராஜா முகமது வண்டியை நிறுத்திவிட்டு நேராக மேஸ்திரியிடம் வந்தார். "கொஞ்சம் தனியா பேசிப் பாக்கறேன்" என்று மேஸ்திரியின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு மறைவு இருந்தது. அங்கே அவனை நிறுத்தினார். அச்சா சொல்லவில்லை. இனி அச்சாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

"தம்பி" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். "உனக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாதவங்கிட்டத்தான் இதை வாய் விட்டுச் சொல்ல முடியும். நாலு நாளா நெஞ்சை அடைக்குதப்பா. நீ என்ன கேட்டேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நாளைக்குன்னேன், நேத்துன்னேன், நீ கட்டுன படியை உங்கண்ணு முன்னாலயே இடிக்க வெச்சேன், உந்தலையைச் செரைக்கவும் பாத்தேன். ஒரு புள்ளையோட கல்யாணம் எம்பவுசால நிக்குது. இப்ப வாத்தியார் வரட்டும், நானே அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிர்றேன். எனக்கு இந்தி தெரியாதப்பா."

சொல்லி முடித்ததும் மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சந்தோஷ்குமார் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவர் காதருகே குனிந்தான்.

"எனக்குந் தெரியாதுங்க பாய். நமக்கு நாமகிரிப்பேட்டைங்க, வாயத் தொறந்தா வேலை போயிரும்னு பிரேம் அண்ணன் சொல்லியுட்டாருங்க. அந்த வாத்தியார் வாரதுக்குள்ள கல்லு லாரியை மேல வரச் சொல்லிப்போடுங்க."