ரேடியம் சாரின் கைக்கடிகாரம்

மயிலாப்பூரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் ரேடியம் சார்தான். அதனால்தான் அவருக்கு எந்த வாடகை வீடும் நிலைக்கவில்லை என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். எதை ஆரம்பித்தாலும் ரேடியத்தில் கொண்டுபோய் முடிப்பார். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். மாப்பிள்ளையின் அப்பா, "பையன் வெள்ளியாட்டம் நிறம்" என்று பெருமையடித்தார். சார் சொஜ்ஜியை விழுங்கிவிட்டு, "ரேடியமும் புதுசா வெட்டினா வெள்ளியாட்டம்தான் இருக்கும். காத்து பட்டா கருத்துடும்" என்றார். பஜ்ஜி வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் மாடி மாமியின் கால்சியம் மாத்திரையையும் அவர் விட்டுவைக்கவில்லை. "கால்சியமும் ரேடியமும் ஒரே குடும்பம் மாமி. ரேடியம் உடம்புக்குள்ள போச்சுன்னா, எலும்பு அதை ஒறவுக்காரன்னு நம்பி உக்கார வெச்சுடும். அது உக்காந்துண்டு எலும்பையே அரிக்கும்." மாமி ஒரு வாரம் மாத்திரையைத் தொடவில்லை.

அவரிடம் அப்பாவின் பழைய கைக்கடிகாரம் ஒன்று, எண்களில் ரேடியம் பூசியது, டப்பாவில் பத்திரமாக இருந்தது. குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செல்போன் கோபுரத்தைப் பற்றிச் சண்டை நடந்தபோது, "நிஜக் கதிர்வீச்சு என் டப்பாவில் இருக்கிறது" என்று எழுதித் தொலைத்தார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். சாரின் வீட்டுக்குச் சொந்தக்காரரான குடியிருப்புச் சங்கச் செயலாளர் கொதித்துப்போனார். தி.நகரில் ஜவுளிக்கடைக்காரர், செல்போன் முதுகில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய விஞ்ஞானி.

கடிகாரம் ஒளிர்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது என்று எனக்குத் தெரியும். "இருட்டுல காட்டுவோம் சார். மினுங்கலேன்னா விட்டுடுவாங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்" என்றேன். தலையாட்டினார்.

பட்டப்பகலில் மீட்டர் அறைக்குள் ஆறு பேர் நெருக்கியடித்து நின்று விளக்கை அணைத்தோம். கடிகாரம் கண் சிமிட்டக்கூட இல்லை.

"இன்னா சார், ஒண்ணியும் காணோம். இதுக்கா இம்மா பேரு?" என்றார் வாட்ச்மேன்.

"சரி சார், இருந்துக்கிடுங்க" என்று செயலாளரும் இறங்கிவந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இருட்டிலிருந்து சாரின் குரல் வந்தது. "மினுங்கினது ரேடியத்தோட கலந்த துத்தநாக சல்பைடு. அதுதான் போச்சு. ரேடியம் அப்படியே இருக்கு. பாதியாறதுக்கே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும்."

விளக்கைப் போட்டபோது பாதிப் பேரைக் காணோம். செயலாளர் வாசலில் நின்று, எதற்கோ மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அதக் குப்பையில போடுதியளா, இல்ல காலி பண்ணுதியளா?"

"குப்பையில போட மாட்டேன். அதை அள்றவாளுக்கும் எலும்பு இருக்கு" என்றார் சார்.

அந்த மாதமே கே.கே. நகருக்குப் போய்விட்டார். கடிகாரத்தை முறைப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கத்துக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதுகிறார். புது வீட்டுக்காரரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

"சார் சொல்வது சரி" என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. காபி கொடுத்து ரேடியம் பேசுகிறார். எனக்குத்தான் எழுந்து வர மனம் வருவதில்லை.