பார்சல்கார ஐயா வீட்டில் இல்லை

ஹனோவர், ஜேர்மனி,
மார்கழி (டிசம்பர்) 24, பின்னேரம் மூன்று மணி.

அன்புத் தங்கை ஜெயமலருக்கு,

நல்லூர்க் கந்தன் கிருபையால், முழங்கால் நீங்கலாக, நான் முழுச் சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் மூக்கொழுகாமல் இருக்க அவனையே வேண்டுகிறேன். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கோபிக்காதே. உனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்றைச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

இதை ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஏனென்றால் நான் வீட்டில் இல்லை. இந்தக் கட்டடத்தின் பதினொரு குடும்பங்களுக்கும் நான் இப்போது டிரெஸ்டனில், என் மகன் கவிஷன் வீட்டில், பேத்தி ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு யேசு பிறந்த நத்தாரைக் கொண்டாடுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். பென்ஷன் எடுத்த நாளில் இருந்து பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நான் என்று தபால்காரன் கண்டுபிடித்துவிட்டான். யாருக்குப் பார்சல் வந்தாலும் என் மணியைத்தான் அடிப்பான். என்னிடம் கொடுத்துவிட்டு, அவர்களுடைய பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த மாதம் என் வரவேற்பறையில் நடக்க இடமில்லை. நான் ஒருநாளும் பேர் வாசிப்பதில்லை, அடுத்தவன் பார்சலில் எனக்கென்ன கண்? வருகிறவர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். உன் அண்ணி கமலநாயகி கண்மூடிப் போய் இரண்டு வருசத்தில் இந்த வீட்டு மணி இப்படி அடித்ததே இல்லை. எனக்குச் சந்தோசம் தலைக்கேறி, கடலை வடை சுட்டு வைத்துக்கொண்டு, வந்த ஒருவரையும் வடை தின்னாமல் விடவில்லை.

மூன்றாம் மாடிக் குறூகர் அம்மா வருசத்தில் இன்றைக்கு மட்டும்தான் சேர்ச்சுக்குப் போவாவாம், பாட்டுக்காக. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் கடவுளோடு கோபமாம். துருக்கிக்காரி எலிஃப், "எங்களுக்கு நத்தார் இல்லை, ஆனா பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து மரம் எங்கை எண்டு கேட்டா நான் என்ன செய்யிறது?" என்று வடையைக் கடித்தபடி கேட்டாள். அவள் வாங்கின மரம் முகட்டில் முட்டி நிற்கிறது. மேல்மாடிப் பெடியன் கடவுளே இல்லை என்கிறவன். ஆனால் தாய் வாத்துப் பொரிப்பாவாம், அதை நம்பி ஊருக்குப் போகிறான்.

கீழ்வீட்டுப் போலந்துக்காரி நோவாக் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. அவர்கள் இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டுக் கூடுதலாய் வைப்பார்களாம், எதிர்பாராமல் யாரும் வந்தால் இருக்கட்டும் என்று. இருபது வருசமாய் ஒருவரும் வரவில்லையாம். "நீங்கள் வாறியளோ?" என்று கேட்டா. நான் வழமைபோல், "ஐயோ, வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல், நான் மகன் வீட்டுக்குப் போறன்" என்றேன். அவ "அப்ப சரி" என்று பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா! ஜெயமலர், இரண்டாவது தரம் கேட்க இந்த நாட்டில் ஒருவரும் பழகவில்லையே. முதல்தரம் கேட்டதற்கே "ஓம்" என்று சொல்ல நாங்கள் என்ன சாப்பாட்டுக்கு அலைந்தவர்களா? சொன்ன பொய் ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் போய், எல்லாரும் வந்து "நல்ல பயணம்" சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இருட்டில் இருக்கிறேன். தண்ணீர்க் குழாயையும் திறப்பதில்லை.

கவிஷனும் அப்படித்தான். போன வருசம் கூப்பிட்டான். "நாங்கள் சைவச் சனம், எங்களுக்கு என்ன நத்தார்?" என்றேன். இன்னொருக்கால் கேட்பான் என்று பார்த்தால், "சரி அப்பா" என்று போனை வைத்துவிட்டான். இந்த வருசம் அதுவுமில்லை. பெற்ற தகப்பனை மறந்துவிட்டான். மருமகள் லேனாவும் மறந்துவிட்டாள். நான் ஒருவரிலும் குறை சொல்லவில்லை, ஆனால் தனிய இருக்க ஏலாமல் இருக்குதடி. அவனோடு கதைத்தால் நான் நல்ல சந்தோசமாய் இருக்கிறேன் என்று சொல்லு. என்னைக் கூப்பிடச் சொல்லிச் சொல்லாதே. சொன்னாலும் நான் சொன்னதாய்ச் சொல்லாதே.

ஒருவராவது உன் வீட்டு மணியை நாள்தோறும் அடிக்க வேண்டும் என்று வாழ்த்தி,
உன் அண்ணன்,
செல்வராசா.

பி.கு.: இதை ஹனோவர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கடிதத்தை மடித்தபோதுதான் கவனித்தேன், ஒரு பார்சல் எடுபடாமல் கிடந்தது. மாதத் தொடக்கத்தில் வந்தது. டிவி பார்க்கும்போது காலைத் தூக்கி வைக்கத் தோதாய் இருந்ததால் ஒதுக்கி வைத்திருந்தேன். இதைத் தேடி யாரும் மணியடித்தால் நான் அகப்பட்டுவிடுவேனே, சத்தமில்லாமல் அவர்கள் வாசலில் வைத்துவிடுவோம் என்று முதல்முறையாய்ப் பேரை வாசித்தேன். என் பேர். அனுப்பியது கவிஷன்.

உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, நேற்றைய திகதியில் டிரெஸ்டனுக்கு ரயில் டிக்கெட், ஒரு காகிதத் துண்டு: "அப்பா, உங்கட ஆக்களிட்ட மூண்டுதரம் கேக்கோணும் எண்டு லேனா எங்கையோ வாசிச்சிருக்கிறா. இது ரெண்டாம் தரம்." இருபது நாள் அதன்மேல் கால் நீட்டியிருக்கிறேன், ஜெயமலர்.

கவிஷனுக்குப் போன் எடுத்தேன். நேற்று ஸ்டேஷனில் மூன்று ரயில் வரும்வரை நின்றானாம். அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்து அழைக்கவில்லையாம். பார்சல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் ஆதிரை போனைப் பறித்து, "அப்பப்பா, வாறியளோ?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

படியில் பெட்டியோடு இறங்கும்போது குறூகர் அம்மா, "நீங்கள் இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டா. "ரயில் பிந்திப்போச்சு" என்றேன். இந்த நாட்டில் அதை நம்பாத ஆள் இல்லை. இங்கே வந்து பார்த்தால் உண்மையிலேயே நாற்பது நிமிடம் பிந்தியாம்.

மேலே எழுதியதை வாசிக்காமல் கிழித்துவிடு. ரயில் பிந்தியதற்கு எனக்கு இன்றைக்குக் கோபம் வரவில்லை. அவன் நேற்று மூன்று ரயிலுக்கு நின்றான், நான் ஒன்றுக்கு நிற்கிறேன்.