ஆறு தொப்பி, ஐந்து எம்.பி.

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.) போலீஸ்காரர், பல் டாக்டர், தபாலில் வரும் நீளமான உறை, மனைவி மெதுவாகப் பேசும் நேரங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. அதில் முதல் இடம் எப்போதும் கையெழுத்துக்குத்தான்.

இது குடும்பச் சொத்து. மூன்று தலைமுறையாக ரங்கூனில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள் நாங்கள். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துத்தான் பிழைப்பு. அப்பா ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு ஆபீஸில் முப்பது வருஷம் கடிதம் எழுதினார். ஒன்றின் அடியிலும் அவர் பெயர் இருக்காது. "எழுதுறது நம்ம வேலை. அடியில கையெழுத்துப் போடுறது மேலே உக்காந்திருக்கிறவன் வேலை. ரெண்டையும் கலந்தா உள்ளே போயிருவே" என்பார். நானும் நாற்பது வயதுவரை கலக்காமல்தான் இருந்தேன்.

அப்போது ஒரு சின்னப் பயண ஏஜென்சியில் வழிகாட்டியாக இருந்தேன். எங்கள் நாட்டில் புதிதாக நாடாளுமன்றம் திறந்திருந்த காலம். மற்ற நாட்டு எம்.பி.க்கள் வந்து பார்த்துப் போவது வழக்கமாக இருந்தது. அப்படித்தான் ஆப்பிரிக்காவின் தெற்கிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். (பயம்தான், வேறென்ன.) மனிதரைவிட மாடு அதிகம் உள்ள நாடு என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள், அதுமட்டும் போதும்.

குழுவுக்குத் தலைவி ஒரு அம்மா. முன்னாள் தலைமை ஆசிரியை. அவர் பார்த்தால் நான் செருப்புப் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன். அவரையும் சேர்த்து ஐந்து பேர் ஆளும் கட்சி. ஆறாவது ஆள் மட்டும் எதிர்க்கட்சி. ஒல்லியாக, உயரமாக, யாரோடும் பேசாமல் ஜன்னல் வழியே எதையாவது பார்த்துக்கொண்டே வருவார்.

ஊர் பார்த்து முடித்த கடைசி நாளில் தலைவி அம்மா, "கட்டடம் எல்லாம் போதும். ஜனங்கள் எங்கே?" என்றார். சாமானிய ஜனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போக வேண்டும். படகு பத்தே நிமிஷம்தான். ஆனால் துறையில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி அறை, தனி மேசை, அதன் பின்னால் ஒரு அதிகாரி. அவர் ஆறு பாஸ்போர்ட்டையும் பார்த்தார். எம்.பி.க்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார்.

"கோ அந்தோணி, இதுல கையெழுத்துப் போடு."

"என்ன எழுதியிருக்கு ஸயா?" என்றேன். (பர்மியில் ஆண் பெயருக்கு முன்னால் 'கோ' சேர்ப்பது மரியாதை. வாத்தியாரையும் அதிகாரியையும் 'ஸயா' என்றுதான் அழைப்போம். எனக்கு இரண்டு பேரிடமும் ஒரே பயம்.)

"ஆறு பேரைக் கூட்டிட்டுப் போறே. சாயங்காலம் அஞ்சரைக்குள்ள ஆறு பேரையும் இங்கே கொண்டுவந்து காட்டுவே. ஒண்ணு குறைஞ்சாலும் நீதான் பொறுப்பு."

அப்பா மனக்கண்ணில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் ஆறு எம்.பி.க்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். வாழ்க்கையின் முதல் பொறுப்பான கையெழுத்து என்பதால் சுழித்து, வளைத்து, அடியில் ஒரு கோடும் இழுத்து அழகாகவே போட்டேன்.

போட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ஆறு பேரை எப்படித் தொலைக்காமல் வைத்துக்கொள்வது? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களில்தான் எனக்குக் கஷ்டம் வரும்.) துறை வாசலிலேயே ஆறு கமாவ் வாங்கினேன். கமாவ் என்பது இங்கே வயலில் வேலை செய்பவர்கள் வெயிலுக்குப் போடும் மூங்கில் பட்டைத் தொப்பி. அகலமாக, நடுவில் கூராக இருக்கும். எல்லார் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி இருந்தால் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம் அல்லவா?

டாலாவில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன். அங்கே ஊரே அந்தத் தொப்பியைத்தான் போட்டிருந்தது.

ஆறு பேருக்கு ஆறு ஸைக்கா பிடித்தேன். பக்கத்தில் ஆள் உட்கார இடம் வைத்த சைக்கிள் ரிக்ஷா அது. ஏழாவதில் நான். சந்தை பார்த்தார்கள், பள்ளிக்கூடம் பார்த்தார்கள், தண்ணீர்க்குளம் பார்த்தார்கள். தலைவி அம்மா ஒரு வீட்டுக்குள் நுழைந்து சோற்றுப்பானையைத் திறந்தே பார்த்துவிட்டார். நான் எதையும் பார்க்கவில்லை. தொப்பியை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிப் படகுக்குத் திரும்பும்போது சந்தைத் தெருவில் நெரிசல். ஸைக்காக்கள் முன்னும் பின்னுமாகப் பிரிந்தன. துறையில் சங்கு ஊதிவிட்டது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று படகுப் பலகையில் ஏறும் தொப்பிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அப்பாடா என்று நானும் ஏறினேன்.

மேல்தளத்தில் ஆறு தொப்பியும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. வேலை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் காடை முட்டை வாங்கினேன். பின்னாலிருந்தே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்துக்கொண்டு போனேன். ஐந்து பேர் இங்கிலீஷில் நன்றி சொன்னார்கள்.

ஆறாவது ஆள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, சுத்தமான பர்மியில், "தம்பி, உப்பு இல்லையா?" என்றார்.

முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். தொப்பிக்கு அடியில் சுருட்டுப் புகைத்துக்கொண்டு ஒரு கிழவர் இருந்தார். மடியில் விற்காத கருவாட்டுக் கூடை. அந்தத் தாளும், அடியில் இழுத்த கோடும்தான் கண்ணில் தெரிந்தன. ஒரு வெளிநாட்டு எம்.பி.யைத் தொலைத்தவனுக்கு எத்தனை வருஷம் என்று யாரைக் கேட்பது? மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் வெளியே வருவதற்குள் அவள் கல்யாணமே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, நடு ஆற்றில் நின்று நிஜமாகவே அழுதேன்.

தலைவி அம்மா திரும்பி, "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன்.

அவர் முட்டையை உரித்துக்கொண்டே, "எதிர்க்கட்சிதானே? வெளிநடப்புச் செய்திருப்பார். எங்கள் சபையில் வாரத்துக்கு இரண்டு முறை செய்வார். தானே திரும்பி வருவார்" என்றார்.

"அம்மா, அங்கே அவர் வெளிநடப்புச் செய்தால் அவருக்குப் பெயர். இங்கே செய்தால் எனக்கு ஜெயில்" என்று தாளைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் உரிப்பதை நிறுத்தினார்.

அதற்குள் படகு ரங்கூன் கரையைத் தொட்டது. பலகை போட்டாயிற்று. கரையில் அந்த அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தேன். இறங்கி உண்மையைச் சொல்வதா, இதே படகில் திரும்பிப் போய்த் தேடுவதா என்று தலைவி அம்மா கேட்டார். யாரிடம்? சபையிடம்!

ஆமாம், ஐந்து பேரும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து நின்று பேசினார். அவர் முடிக்கும்முன் இன்னொருவர் குறுக்கிட்டு, இது விதிப்படி இல்லை என்றார். அதிகாரி கீழேயிருந்து, "கோ அந்தோணி! இறங்கலையா?" என்று கத்தினார். "மாண்புமிகு உறுப்பினர் உட்கார வேண்டும்" என்றார் தலைவி அம்மா. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. வோட்டு எடுத்தார்கள். இறங்க வேண்டும் என்று இரண்டு கை. தேட வேண்டும் என்று இரண்டு கை. (கிழவரும் கை தூக்கினார். அது செல்லாது.)

தலைவி அம்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்கள் ஊரில் தொலைந்த மாட்டைத் தேடாமல் வீட்டுக்கு வருகிறவனுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. இவர் மாட்டைவிடத் தொல்லைதான். ஆனாலும் நம் மாடு. போவோம்."

நான் கைப்பிடிக் கம்பிக்கு மேலாக எட்டிப்பார்த்து, "ஸயா! படகு சவாரி ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். இன்னொரு தடவை போய்ட்டு வர்றோம்!" என்று கத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நாலரை ஆகியிருந்தது.

டாலா துறையில் ஆறாவது ஸைக்காக்காரர் எனக்காகவே உட்கார்ந்திருந்தார். சீட்டில் ஆறாவது தொப்பி. "மாடு கத்துற சத்தம் கேட்டுச்சு. உங்க ஆளு தொப்பியைக் கழட்டிப் போட்டுட்டுக் குதிச்சு ஓடிட்டாரு. அதைச் சொல்லத்தான் ஓட்டிட்டு வந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்காம ஏறிப் போய்ட்டீங்க" என்றார்.

சந்தைக்குப் பின்னால், வயல் ஓரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை. உள்ளே அந்த ஒல்லி எம்.பி. சட்டையில்லாமல் முழங்காலிட்டிருந்தார். அவருடைய வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. அரசியலுக்கு வருமுன் அவர் மாட்டு டாக்டராம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் தமிழில் பேசினார். பெயர் பொன்னம்மா. "தம்பி, இந்த அண்ணன் உங்க கூட வந்தவரா? காலையிலேருந்து கன்னு வெளிய வரலை, காலு மடங்கிக் கிடக்கு. எங்க வீட்டுக்காரரும் ஊருல இல்லை. இவரு பேசுறது ஒண்ணும் வெளங்கலை தம்பி, ஆனா மாட்டுக்கு வெளங்குது."

"ஸார், அஞ்சரைக்குள் கரைக்குப் போக வேண்டும். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் முதல்முறையாக என்னிடம் பேசினார். "கன்று கையெழுத்துப் போடவில்லையே. கயிற்றைப் பிடி."

பிடித்தேன். கன்றின் கால் இரண்டிலும் கயிறு கட்டியிருந்தது. பசு முக்கும்போது அவர் சொல்லச் சொல்ல இழுக்க வேண்டும். குமாஸ்தா வம்சத்தின் கை பேனாவைவிடக் கனமான எதையும் இழுத்ததில்லை. கால் மணி நேரம் இழுத்தேன். பசு செத்துவிடுமோ என்று ஒரு பயம், கன்று செத்துவிடுமோ என்று ஒரு பயம், கரையில் காத்திருக்கும் தாள் ஒரு பயம். எந்தப் பயத்துக்கு முதலில் நடுங்குவது என்று தெரியாமல் மொத்தமாக நடுங்கினேன். வாசலில் தலைவி அம்மா, "இழு! இன்னும் இழு!" என்று வகுப்பறைக் குரலில் அதட்டினார். ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். திடீரென்று கயிறு தளர்ந்தது, நாங்கள் இருவரும் சாணியில் மல்லாந்தோம், கன்று என் மேல் விழுந்தது.

உயிரோடு இருந்தது. தும்மியது. பொன்னம்மா அக்கா அழுதார், நானும் அழுதேன். (அன்றைக்கு இரண்டாவது முறை.)

அஞ்சு இருபத்தைந்துக்கு ரங்கூன் துறையில் இறங்கினோம். ஒவ்வொருவர் தொப்பியையும் நானே தூக்கி, முகத்தைப் பார்த்து, பலகையில் இறக்கினேன். தலைவி அம்மா தொப்பியையும்தான். அதிகாரி எண்ணினார். ஆறு. சாணியும் ரத்தமுமாக நின்ற ஆறாவது ஆளை மேலும் கீழும் பார்த்தார். பாஸ்போர்ட்டையும் பார்த்தார். "சரி. நீ திரும்பி வந்ததுக்கு இங்கே ஒரு கையெழுத்துப் போடு."

பேனாவை வாங்கினேன். கயிறு அறுத்த கை, பயந்த கை. தாளில் கோழி நடந்த மாதிரி ஏதோ விழுந்தது. அதிகாரி காலைக் கையெழுத்தைப் பார்த்தார், சாயங்காலக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆறு பேரும் சரியா இருக்காங்க. காலையில வந்தது நீதானா?"

"நான்தான் ஸயா."

"கையெழுத்து அப்படிச் சொல்லலையே. உனக்கு யாராவது ஜாமீன் போடணும்."

தலைவி அம்மாவிடம் அதை இங்கிலீஷில் சொல்லி முறையிட்டேன். அப்போது அந்த எதிர்க்கட்சிக்காரர் முன்னால் வந்து, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் சாணிப் பெருவிரல் ரேகையும் விழுந்தது.

"என்ன எழுதியிருக்காரு?" என்று அதிகாரி என்னையே கேட்டார்.

"இவரை எனக்குத் தெரியும். காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட என்னை விட்டுப் பிரியவில்லை... அப்படின்னு எழுதியிருக்காரு, ஸயா."

தலைவி அம்மா என் காதருகே, "இத்தனை வருஷத்தில் இவர் சொன்ன எதையும் நாங்கள் மறுக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை" என்றார்.

அதன் பிறகு என் கையெழுத்து பழைய அழகுக்குத் திரும்பவே இல்லை. இன்றைக்கும் பேனாவைப் பிடித்தால் அந்தக் கோழிதான் நடக்கிறது. வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் மனைவி, "இந்தாங்க, போடுறதுக்கு முன்னாடி ஜாமீனுக்கு ஆள் பிடிச்சிட்டீங்களா?" என்பாள். சர்ச்சுக்குக் கிளம்பினாலும் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று தலையைக் குனிந்து காட்டுவார்கள், எண்ணிக்கொள்ளச் சொல்லி.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணம். பூசை முடிந்து, பதிவேட்டில் பெண்ணின் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஃபாதர். புத்தகத்தை விரித்து வைத்தார்கள். என் கை ஆடத் தொடங்கியது. ஒரு ஆள் இன்றோடு குறைகிறது, அதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படகில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. சம்பந்தி வீட்டார் எதுவும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தை மூடியிருந்த வெள்ளை முக்காட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"நான்தான்ப்பா. நல்லாப் பாத்துட்டுப் போடுங்க."