ஐந்து சாரமும் ஒரு குயிலும்

சும்மா இருக்கத் தெரியாதவர்களால்தான் குடும்பங்களுக்குச் சேதம் வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவள் நான்.

அந்தத் தை மாதம் உரும்பிராயில் கடுங்குளிர். இருபத்திரண்டு பாகை! (கனடாவில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.) போன மழை திரும்பி வந்து மூன்று நாளாகத் தூறியது. ஊரே காதை மூடிக்கொண்டு திரிய, நான் யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டுகிறது. அவள் பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, போர்வை தைக்கிறாள். அதற்குக் 'குயில்ட்' என்று பெயராம். மாமியாருக்கு விளங்கியது குயில்.

"எங்கடை பிள்ளை குயில் தைக்குது" என்று வேலிக்கு அங்காலும் அறிவித்துவிட்டார். இனிப் பின்வாங்க முடியுமா?

துணிக்கு எங்கே போவது? மாமாவின், அதாவது என் மாமனாரின், அலுமாரிக் கீழ்த்தட்டில் நைந்துபோன கட்டம்போட்ட சாரங்கள் ஐந்து கிடந்தன. அம்மா வீட்டில் கீழ்த்தட்டுக்குப் போன சாரத்துக்கு அடுத்த பதவி நிலம் துடைப்பது. மாமாவுக்கோ நைந்த சாரம்தான் நல்ல சாரம். பகலில் இடுப்பில் சுற்றும் உடுப்பு, படுக்கும்போது தலைவரை இழுத்துவிட்டால் போர்வை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கலியாணமாகி நான்கு வருடம்தானே! ஒரு மனிதரின் ஐந்து போர்வைகளை வெட்டி அவருக்கே ஒரு போர்வை தைக்கப் புறப்பட்டேன்.

ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபது கட்டம் தைத்துவிட்டேன். கட்டத்தோடு கட்டத்தைக் குண்டூசியால் குத்தி ஹோலில் விரித்துவைத்து அழகு பார்க்கும்போது, கிணற்றடியில் குளித்த மாமா, உடுத்திருந்த ஆறாவது சாரம் சொட்டச் சொட்ட வந்தார்.

"பிள்ளை, என்ரை சாரம் ஒண்டையும் காணேல்லை."

"உதிலைதான் கிடக்கு மாமா."

"எதிலை?"

நான் நிலத்தைக் காட்டினேன். மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் படலையில் கார் ஹோர்ன் கேட்டது.

கொடிகாமத்திலிருந்து என் கணவரின் தங்கை, மச்சாள் மதியைப் பெண்பார்க்க வருகிறவர்கள்! அவர்கள் வரவேண்டியது ஞாயிற்றுக்கிழமை. அதற்காகவே மாமாவின் வேட்டிகள் லோண்டரிக்குப் போயிருந்தன. என் கணவரின் சாரங்கள் அவரோடு கொழும்பில். (காற்சட்டை, கழிசான் ஒன்றும் இல்லையா என்று கேட்காதீர்கள். தபாற்கந்தோரிலிருந்து மாமா ஓய்வுபெற்ற அன்றே அதுவும் ஓய்வுபெற்றது. வயிறுதான் இன்னும் பதவி உயர்வில் இருக்கிறது.) முன்பு பேசிய இரண்டு சம்பந்தமும் குழம்பிப்போனவை. இந்த மாப்பிள்ளையின் படத்தைத்தான் மதி ஒளித்து ஒளித்துப் பார்த்தாள்.

குசினிக் கொடியில் காய்ந்திருந்த ஒரே உருப்படியை மாமி கொண்டுவந்து மாமாவின் கையில் திணித்தார். தன் ரோசா நிற உள்பாவாடை, லேஸ் வைத்தது. மாமா அறைக்குள் போய் அதை மாட்டிக்கொண்டு வர, நான் மேலே குயிலைச் சுற்றிக் கதிரையில் இருத்தினேன்.

"அரியாலைக்கு ஒரு அலுவலா வந்தனாங்கள். இரவைக்கு அங்கைதான் தங்கிறம். அப்பிடியே உங்களையும் ஒருக்காப் பாப்பமெண்டு..." என்றபடி மாப்பிள்ளையின் தகப்பன் உள்ளே வந்தார். பின்னால் மாப்பிள்ளை.

"இவருக்குக் காய்ச்சல்" என்றார் மாமி.

"ஓமோம், நல்லா நடுங்கிறியள் அண்ணை." (அது ஆத்திரம்.)

அவர் அன்போடு கிட்டப்போய்ப் போர்வையை இறுக்கிவிட்டார். அத்தனை குண்டூசியும் ஒரேயடியாக வேலை செய்தன.

"ஐயோ!" மாமா துள்ளி எழும்பினார். குயில் எழும்பவில்லை.

தேத்தண்ணித் தட்டோடு வந்த மதி, ரோசா லேஸைக் கண்டு அப்படியே நின்றாள். அவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் போனால் நான் எப்படி அவளின் முகத்தில் விழிப்பேன்?

"நான்தான் வெட்டினனான்" என்று விம்மினேன். "மதியிலை ஒரு பிழையும் இல்லை."

வந்தவர் ஒரு கட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது சாரமெல்லோ?"

"ஐஞ்சு சாரம்" என்றார் மாமா, செத்தவீட்டுக் குரலில்.

வந்தவரின் முகம் கோணியது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, காரிலை என்ரை பையிலை மாத்துச் சாரம் கிடக்கு. கெதியா எடுத்துக்கொண்டா!"

மாமா அதை உடுத்திக்கொண்டு வந்ததும் அவர் சொன்னார்: "என்ரை சாரத்தையும் உடுத்தியாச்சு. இனிக் கதைக்க என்ன கிடக்கு அண்ணை? நாள் வைப்பம்."

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கூறைச் சேலை கொடுப்பதுதான் வழக்கம். அதற்கு முன்பே பெண்ணின் தகப்பனுக்குச் சாரம் கொடுத்த மாப்பிள்ளை வீடு எங்களுக்கு வாய்த்தது மட்டும்தான்.

இப்போதும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சம்பந்தி புதுச் சாரத்தோடு வருவார். கொடுக்கமுதல் என்னைப் பார்த்து, "பிள்ளை, கத்தரிக்கோல் பூட்டிக் கிடக்கோ?" என்பார். கத்தரிக்கோலை வைத்துப் பூட்டிய அலுமாரியின் திறப்பை மாமா இடுப்பில் தட்டிக் காட்டுவார். எல்லோரும் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் நூலைப் பல்லால்தான் கடிக்கிறேன்.