வெயிலில் காய வைத்த பேட்டரிக் கட்டைகள்

செத்த பேட்டரிக் கட்டையை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தால் மறுபடி உயிர் வந்துவிடும் என்று நம்பிய தலைமுறை என்னுடையது. எல்லோரும்தான் நம்பினார்கள். பி.எஸ்சி. பௌதிகம் படித்துக்கொண்டே நம்பியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ‘மரிக்கொழுந்து பாய்ஸ்’ என்றால் கோச்சடையிலிருந்து எழுமலை வரை தெரியும். நாலு பையன்கள், நாலு பெல்பாட்டம். கல்யாணக் கச்சேரிக்கு நாங்கள் வந்து இறங்கினால் மண்டபத்துப் பெண்கள் மாப்பிள்ளையை மறந்துவிடுவார்கள். (அவர்கள் பார்த்தது பாடகன் ஜாபரை. பாங்கோஸ் அடித்த என்னைச் சமையல்காரர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.)

ஜாபர் சொந்தமாக மெட்டுப் போட்டு ஆறு பாட்டு வைத்திருந்தான். அவனுடைய அத்தா டவுனில் வளையல் கடை வைத்திருந்தவர். மகனிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

“கேசட்டு போடு. நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா இங்கனயே பாடிக்கிட்டுக் கெட. இல்லேன்னா சவூதிக்கு மாமாகிட்டப் போயிரணும்.”

கோச்சடையில் என் சித்தப்பா வீட்டில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். கரண்டில் போட்டால் டேப் ரெக்கார்டர் ‘உர்ர்’ என்று இரைந்தது. பேட்டரியில் போடலாம் என்று என் பௌதிக மூளை சொன்னது. புதுக் கட்டை வாங்கி வரும் பொறுப்பும் எனக்கே வந்தது. மூன்று நாள் காய்ந்த பழைய கட்டைகள் மாடியில் தயாராக இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

“புதுசுதான மாப்ள?” என்று ஜாபர் கேட்டான்.

“புதுசு மாதிரி” என்றேன்.

ஒவ்வொரு பாட்டையும் பாடி முடித்த கையோடு அதே மெஷினில் போட்டுக் கேட்டோம். தேனாக இருந்தது. பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டோம்.

வெளியீட்டு விழா திருநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் அத்தா. மைக்செட் அண்ணன் கரண்டில் ஓடும் பெரிய டெக்கில் கேசட்டைப் போட்டார். முதல் பாட்டில் ஜாபருக்குக் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. ஐந்தாவதில் பெண் குழந்தை. ஆறாவது பாட்டை எலிப்பொறிக்குள்ளிருந்து பாடினான். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “தங்கச்சியப் பாட விட்டீகளா?” என்று யாரோ கேட்டார்கள்.

மைக்செட் அண்ணன் என் காதருகே குனிந்தார். “கட்டை வீக்கு தம்பி. டேப்பு மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கு. அதே கட்டையில கேட்டா சரியாத்தான் கேக்கும். நல்ல மெஷின்ல போட்டா இப்பிடித்தான் கீச்சுங்கும்.”

இதை அத்தாவிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஜாபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து பாங்கோஸைத் துடைத்தேன். அத்தா கோபப்படவில்லை. “மாமாவுக்கு எழுதிர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போதுதான் ஜாபரிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தான். “போயிட்டு வாரேன் மாப்ள” என்றான். வரவில்லை. இரண்டாம் வருடம் லாரி விபத்து. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவன் அம்மா அந்தக் கேசட்டைக் காட்டினார். “இருக்கது இது ஒண்ணுதான். இதுலயும் எம்புள்ள கொரலு இல்லையேப்பா.”

தப்பித்துப் போக அன்றும் வழியிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் வீட்டு டார்ச்சில் மங்கிப்போன கட்டைகளைக் கொண்டுபோய், அவன் சவூதியிலிருந்து அனுப்பியிருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் போட்டேன். அவன் குரல் வந்தது. “ஜாபரு” என்றார் அந்த அம்மா, பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு எல்லோரும் பழம் வாங்கிப் போவார்கள். நான் செத்த கட்டை கொண்டு போவேன். இன்றும் எங்கள் வீட்டில் டார்ச் மங்கினால், “ஜாபர் மாமா பாட வந்துட்டாரு” என்று பிள்ளைகள் கத்துவார்கள். நானும் சிரித்துக்கொண்டே கட்டைகளைக் கழற்றிப் பேப்பரில் மடித்து வைப்பேன். அந்த அம்மா காலமான பிறகு கேசட் என்னிடம் வந்துவிட்டது. ஐந்து பாட்டு சரியாகக் கேட்டுவிட்டேன். ஆறாவதுக்கு மட்டும், கட்டை கொஞ்சம் உயிரோடு இருந்தால் எலி பாடுகிறது. முழுக்கச் செத்திருந்தால் டேப் நின்றுவிடுகிறது. அந்தப் பாட்டை மகன் குரலில் கேட்காமலேதான் அந்த அம்மா போனார்.