ஒண்ணாம் நம்பர் கார்டும் ரெண்டுதரம் அண்ணனும்

விலை சொல்ல முடியாத பொருள் என்று உலகத்தில் ஒன்று இருப்பதை ரெண்டுதரம் அண்ணன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பாம்பன் கடற்கரையில் மீன் ஏலம் விடுவது அவர் தொழில். ஆனால் மீனோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து மனசுக்குள் ஒரு விலை போட்டுவிடுவார். புதுப் பாலம் வந்தபோது ஊரே வாயைப் பிளந்து நிற்க, இவர் மட்டும், "இரும்புக்கு மட்டும் சொல்லவா, பெயிண்டையும் சேத்துச் சொல்லவா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் சாமியாரின் பிரசங்கத்தை எடைபோடுவார். "சரக்கு நல்ல சரக்குத்தான் தம்பி. கடைசிக் கால் மணி நேரம் ஐஸ் பத்தல."

பெயர் வந்த கதை எளிது. ஏலத்தில் 'ஒருதரம்' என்பதைப் பட்டென்று சொல்லிவிடுவார். 'ரெண்டுதரம்' என்பதைத்தான் இழுப்பார். அந்த இழுப்புக்குள் ஒரு டீ குடிக்கலாம். ஒரு வியாபாரி வீடுவரை போய் மனைவியிடம் யோசனை கேட்டுத் திரும்பி வந்து விலையைக் கூட்டியிருக்கிறார். 'மூணுதரம்' வருவதற்குள் பாதிப் பேர் சலித்துப்போய்க் கூடுதலாகக் கேட்டுவிடுவார்கள். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏலக்கூடத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம் எல்லாம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் கிடக்கும்போது, ஏலம் விட மீனில்லாத ரெண்டுதரம் அண்ணன் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களின் போன், செருப்பு, ஜாதகம் எல்லாவற்றுக்கும் கேட்காமலே விலை சொல்வார். போன வருஷத் தடைக்காலத்தில்தான் ஸ்டெல்லா விவகாரம் வந்தது.

ஸ்டெல்லா, அருளப்பன் சம்மாட்டியின் ஒரே மகள். படகு முதலாளியை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அவள் பெண்கள் கால்பந்தில் கோல் கீப்பர். ஒரு லீக் ஆட்டத்தில் பெனால்டி உதைக்குத் தப்பான பக்கம் விழுந்து, ஆனாலும் பின்னால் கிடந்த முழங்காலால் பந்தைத் தடுத்துவிட்டாள். அந்த லீக்காரர்களிடம் ஓர் ஆப் இருந்தது. ஆட்டத்தின் நல்ல காட்சிகளைப் பத்து விநாடி வீடியோவாக வெட்டி, ஐம்பதே ஐம்பது என்று நம்பர் போட்டு, டிஜிட்டல் கார்டு என்று விற்பார்கள். வாங்கியவர் அதே ஆப்பில் இன்னொருவருக்கு விற்கலாம். ஸ்டெல்லாவின் முழங்காலும் அப்படிக் கார்டானது. விலை தொண்ணூற்றொன்பது ரூபாய். தெரிந்த பிள்ளையாயிற்றே என்று முதல் ஆளாக நான் ஒன்று வாங்கினேன். ஒண்ணாம் நம்பர் எனக்கு வந்தது. சொந்தக்காரப் பிள்ளைகள் கொஞ்சம் வாங்கினார்கள். அதன் பிறகு யாரும் சீண்டவில்லை. விலை இறங்கி இறங்கி ஒன்பது ரூபாயில் வந்து நின்றது.

கடலுக்குப் போக முடியாத சம்மாட்டி, பொழுதுபோகாமல் போனை நோண்டி அந்த ஒன்பது ரூபாயைக் கண்டுபிடித்தார். கெட்ட நேரம், அதே வாரம் சென்னைப் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி ஸ்டெல்லாவுக்குக் கடிதம் வந்தது. தகப்பனார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பாரமும் கூடவே வந்தது. பத்து நாள் கெடு.

ஸ்டெல்லா பாரத்தோடு கடைக்கு வந்தாள். "ரெண்டு காப்பி போடுங்கண்ணே. அப்பா ஒண்ணக் கிழிச்சாலும் இன்னொண்ணு இருக்கட்டும்."

பின்னாலேயே சம்மாட்டியும் வந்துவிட்டார். "நான் எதுக்குக் கிழிக்கப்போறேன். கம்பெனிக்காரனே ஒம்பது ரூவான்னு போட்டுட்டான். ஒரு கிலோ சூடை மீனு வாங்க முடியுமா இதுக்கு? ராம்நாட்டுல கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேத்துவிடுறேன், பேசாமப் படிக்கட்டும்."

ஸ்டெல்லா இரண்டு காப்பியையும் நாலாக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளை அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

சம்மாட்டி போன பிறகு ரெண்டுதரம் அண்ணன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். கண்ணில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம்.

"தம்பி, அந்தச் சரக்கு மொத்தம் எத்தன?"

"அம்பதுண்ணே."

"மறுபடி பிடிப்பாகளா?"

"இல்ல, அம்பதோட சரி."

"அப்ப கிராக்கிதான். அழுகுமா?"

"டிஜிட்டல்ணே. எத்தனை வருசமானாலும் அழுகாது."

அவர் முகம் தொங்கிவிட்டது. "அழுகாதா? அதான் விலை ஏறல. வாங்குறவனுக்கு ஒரு பதட்டம் வேணும்ல. பொழுது ஏற ஏற பாறை மீனு வாயத் தொறக்கும் பாரு, அதான் அவனை வாங்க வைக்குறது. சரி, காசு குடுக்காம யாரும் பாக்க முடியுமா?"

"அந்த வீடியோவை யார் வேணாலும் பாக்கலாம். வாங்குனவர் பேரு மட்டும் உரிமையாளர்னு அங்கன போட்டிருக்கும்."

"திங்க முடியாது, ஊறுகாயும் போட முடியாது. பேரு மட்டும் போடுவான்." காதைக் குடைந்தார். "அப்ப இது வீம்புக்கு வாங்குற சரக்கு."

இதை விளக்கப் பெரிய படிப்புப் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

முதல் வேலையாக அவர் கார்டுகளுக்குத் தடைக்காலம் அறிவித்தார். தடைக்காலத்தில் வரத்து நின்றால் மீன் விலை ஏறுகிறதல்லவா, அதே கணக்கு. கார்டு வைத்திருந்த பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போய், இரண்டு மாதத்துக்கு யாரும் விற்கக் கூடாது என்று தாக்கீது கொடுத்தார். யாரும் விற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் தங்கச்சிமடத்தில் ஒரு பயல் பொறுக்க முடியாமல் ஏழு ரூபாய்க்குத் தள்ளிவிட்டான்.

"மீனுக்குப் பசி இருக்கு தம்பி. இதுக்கு எவனுக்கும் பசிக்க மாட்டேங்குது" என்றார்.

அடுத்தது விளம்பரம். கோயில் அசன விருந்தில், சாப்பிட வந்தவர்களை வரிசைப்படுத்தக் கொடுத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்டெல்லா பெனால்டி தடுத்த கதையை ஆரம்பித்தார். முழங்கால் என்பது சொல்லச் சொல்ல நெஞ்சாகி, கடைசிப் பந்திக்கு வரும்போது நெற்றியாகிவிட்டது. விலை பதினொன்று ஆனது. சம்மாட்டி கடைக்கு வந்து, "ரெண்டு ரூவா ஏறிருச்சாம்ல, கம்ப்யூட்டர் கோர்ஸைக் கேன்சல் பண்ணிருவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது. ரெண்டுதரம் அண்ணன் என்னிடம் கையை நீட்டினார். "ஒங்கிட்ட இருக்க ஒண்ணாம் நம்பரைக் குடு. கோல் கீப்பர் சட்டையில நம்பர் ஒண்ணு, கார்டுலயும் ஒண்ணு. அதுக்கு ஒரு எடுப்பு இருக்கு. நாளைக்குக் காலையில ஏலம். வர்ற காசு பிள்ளை கிளவுசுக்கும் பூட்சுக்கும் சென்னை டிக்கெட்டுக்கும்."

"கையெழுத்தே போடலையேண்ணே."

"அது எம் பொறுப்பு."

மீன் இல்லாத ஏலம் என்றதும் வேலையில்லாத மொத்தக் கடற்கரையும் வந்துவிட்டது. கூடையில் வைக்காத சரக்கை ஏலம் சொல்லத் தனக்கு வாய் வராது என்று அண்ணன் அடம்பிடித்ததால், என் போனைப் பாலித்தீன் கவரில் போட்டு மீன் கூடைக்குள் வைத்தோம். ஆட்கள் பழக்கதோஷத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். சம்மாட்டி பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மானம் போவதை நேரில் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது.

நூறு ரூபாயில் ஆரம்பித்தது. யாரோ விளையாட்டுக்கு நூற்றைம்பது என்றார். அப்புறம் சத்தமே இல்லை. அப்போது அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆங், சொல்லுங்க பாய். நல்லாக் கேக்குது. ரெண்டாயிரமா? சரி, நிக்கட்டும்." எங்கள் பக்கம் திரும்பினார். "கீழக்கரைக்காரர், துபாய்ல இருந்து லைன்ல இருக்காரு. ரெண்டாயிரம் கேக்குறாரு. பிள்ளை பந்து தடுக்குறதை அங்கன தன்னோட கடையில பெரிய டிவியில ஓடவிடப் போறாராம். உரிமையாளர்னு அவர் பேரு வரும். ஒருதரம்."

பின்வரிசையில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "எவன் பிள்ளைக்கு எவன் உரிமையாளர்?"

"ஏலத்துல கேள்வி கேக்கக் கூடாது சம்மாட்டி. விலைதான் கேக்கணும்."

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"பாய் மூவாயிரத்து ஐநூறுங்குறாரு."

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. துபாய் ஐநூறு ஏற்றினால் சம்மாட்டி ஐநூறு ஏற்றினார். சம்மாட்டி தயங்கும்போதெல்லாம் அண்ணன் 'ரெண்டுதரம்' என்பதை இழுத்தார். அவ்வளவு நீளமாக அவர் இழுத்து நான் கேட்டதில்லை. பதின்மூன்றாயிரத்து ஐநூறில் துபாய் நின்றது. சம்மாட்டி வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலாயிரம். அந்த ஆளை போனை வைக்கச் சொல்லு."

"வச்சிருங்க பாய்" என்று அண்ணன் போனில் தணிவாகச் சொன்னார். "தகப்பன் கேக்குறாரு." அடுத்த நொடி மூச்சுவிடாமல் மூணுதரம் சொல்லி முடித்துவிட்டார்.

என் கடையில் வைத்தே கார்டு கைமாறியது. அந்த ஆப்பில் ஒரு கார்டு அதுவரை போன விலையிலேயே அதுதான் அதிகம். ஒரு கிலோ மீனுக்கும் பெறாத பொருள் என்று சொன்னவர்தான் அதைக் கொடுத்தார்.

மறுநாள் காலை சம்மாட்டி தூங்காத முகத்தோடு வந்தார். "ஏப்பா, பதினாலாயிரம்னு காட்டுது. இது இறங்குமா?"

ஸ்டூலிலிருந்து பதில் வந்தது. "விளையாடுற பிள்ளை கார்டுன்னா ஏறும். இந்தியா டீமுக்குப் போனா இன்னும் ஏறும். கம்ப்யூட்டர் படிக்குற பிள்ளை கார்டை எவன் வாங்குவான்? நாளைக்கே ஒம்பது ரூவா."

சம்மாட்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோவைத் தொட்டார். ஒன்பது ரூபாயைப் பத்து தடவை பார்த்தவர், அந்தப் பத்து விநாடியை அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. மூன்று முறை ஓடவிட்டார்.

"தப்பான பக்கம்ல விழுகுறா" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனாலும் விடலயே கழுத" என்றார். "அந்தப் பாரம் ஒங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கா?"

கம்ப்யூட்டரில் ஸ்கேன் கிடந்தது, ஒன்று எடுத்துக் கொடுத்தேன். முதலெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஏலக் காசில் வாங்கிய புது கிளவுசைக் காட்டி, லீக்கில் கொடுத்தார்கள் என்று தகப்பனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஸ்டெல்லா சென்னைக்கு ரயிலேறினாள். வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அடக்கி வைத்திருந்ததை அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, ஏலத்தன்னைக்கு ஒங்க நம்பர் வேலிடிட்டி முடிஞ்சு நாலு நாளாச்சு. எங்கிட்டதான ரீசார்ஜ் பண்ணுவீக."

"பாய் ரொம்ப நல்ல மனுசன் தம்பி" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"சம்மாட்டி பதிமூணோட நிறுத்தியிருந்தா?"

"பாய் எடுத்திருப்பாரு."

"இல்லாத பாய் எப்படிண்ணே எடுப்பாரு?"

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பாலித்தீன் பையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய மொபெட்டின் ஆர்.சி. புக். ஏல தினத்திலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"பிள்ளைக்குப் போற காசுதான, ஏலம் நம்ம தலையில விழுந்தா வண்டிய வித்துக் குடுத்துரலாம்னு வச்சிருந்தேன். பதிமூணரைக்கு எப்படியும் போயிரும்ல?"

அந்த வண்டியை ஆறாயிரத்துக்கு மேல் ஒருவரும் தொட மாட்டார்கள். அவருக்கும் தெரியாமல் இருக்காது. நான், "தாராளமாப் போகும்ணே" என்றேன். அவர் போனை வாங்கி ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தேன். அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.